கேபிள் இன்றித் தொலைக்காட்சி: கருவி வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

நூல் வாங்கும் நெசவாளர் சிட்டத்தை விரித்துப் பார்க்கிறார். விதை வாங்கும் விவசாயி அதன் முளைப்புத் திறனைக் கேட்டறிகிறார். வலை வாங்கும் மீனவர் கண்ணியின் அளவை விரலால் அளந்து பார்க்கிறார். தொழிலுக்கு வேண்டிய பொருளில் இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், வீட்டிற்கு வேண்டிய பொருளை வாங்கும்பொழுது மட்டும் விளம்பரத்தையும் அண்டை வீட்டாரையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். அவ்வாறு முடிவு செய்து வருந்துவோர் தொகை பெருகி வரும் ஒரு பொருளைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். அது கேபிள் இணைப்பு இல்லாமலேயே தொலைக்காட்சி பார்க்க உதவும் சிறு கருவி. ‘ஸ்டிக்’ என்றும் ‘ஆண்ட்ராய்டு பாக்ஸ்’ என்றும் மக்கள் அதனை வழங்குகின்றனர்.

இப்பாடத்திற்குப் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். நெசவாள அங்கத்தினர்களுக்கு அவ்வூரின் பெயர் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றிய துறைமுகம் அதுவே. இன்று அங்கே வாழ்வோர் பெரும்பாலும் ஏரியையும் கடலையும் நம்பியவர்கள். அவர்களுடைய வருமானம் ஒரே சீராக வருவதில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் ஏரியில் இறால் வரத்துக் குறைகிறது. புயல் எச்சரிக்கை வந்தாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் வந்தாலும், கடலுக்குச் செல்வது தடைப்படுகிறது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றுபோகும் நெசவாளர் நிலையும், அறுவடை வரையில் கையில் காசு காணாத விவசாயியின் நிலையும் இத்தன்மையனவே. ஆதலின் அவர்களுக்குப் பொருந்தும் கணக்கு நமக்கும் பொருந்தும்.

1. ஒரு குடும்பத்தின் அநுபவம்

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். ஒரு குடும்பத்தார் கேபிள் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதென்று சலித்து, அதனை நிறுத்திவிட்டுத் தவணை முறையில் ஒரு ஸ்டிக் வாங்கினர். வீட்டிற்குக் கொண்டுவந்த பிறகுதான் அதனைச் செருகுவதற்குரிய துளை தங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இல்லை என்பது தெரிந்தது. அதற்கென ஒரு மாற்றுப் பெட்டியை வாங்கி இணைத்தனர். படம் வந்தது, ஆனால் 14 அங்குலத் திரையில் எழுத்துக்கள் படிக்க இயலாதபடி சிறுத்துக் காணப்பட்டன. வீட்டில் இண்டர்நெட் இணைப்பு இல்லாமையால், குடும்பத் தலைவரின் கைப்பேசியிலிருந்து ‘ஹாட்ஸ்பாட்’ எடுத்தனர். படம் பாதி ஓடுமுன்னரே அன்றைய டேட்டா தீர்ந்தது.

இவை அனைத்தையும்விடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தலைவர் விடியற்காலத்தில் ஏரிக்குச் செல்லும்பொழுது கைப்பேசியையும் எடுத்துச் செல்வார். ஆபத்து நேர்ந்தால் கரையை அழைப்பதற்கும், பிடித்த மீனுக்கு விலை கேட்பதற்கும் அது அவருக்கு இன்றியமையாதது. கைப்பேசி படகேறியதும் வீட்டில் தொலைக்காட்சி அணைந்துவிடும். மூன்றாம் மாதத்தில் அவ்வீட்டார் மீண்டும் கேபிள் இணைப்புப் பெற்றனர். ஸ்டிக் பெட்டிக்குள் கிடக்க, அதன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தவணைக்குச் சென்ற பணம், வலை புதுப்பிக்க ஒதுக்கிய பணம்.

அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னவை என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அக்கேள்விகளை வரிசையாக அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

2. தொலைக்காட்சி நம் வீட்டிற்கு வந்த வழிகள்

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் கூரைமேல் ஆண்டெனா நட்டு, கோபுரத்திலிருந்து வரும் அலைகளை நேரே பெற்றோம். தனியார் சேனல்கள் வந்தபின், 1990-களில் கேபிள் தெருத்தெருவாகப் பரவியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன், மாதக் கட்டணம் இல்லாத டிஷ் சேவையைத் தொடங்கிற்று. இன்று ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என வழங்குவது அதுவே. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர்.

2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய ‘டிராய்’ வகுத்த புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. முதல் 100 சேனல்களுக்கு இணைப்புக் கட்டணமாக 130 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது. கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனியே விலை. இவற்றின் மேல் வரி. 130 ரூபாய்க்கு 18 சதவீத வரி சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு ஆகும். பின்னர் 2024-ஆம் ஆண்டில் இணைப்புக் கட்டணத்திற்கு இருந்த உச்சவரம்பையும் ஆணையம் நீக்கிவிட்டது. கேபிளை விட்டுவிடலாமா என்ற எண்ணம் பல வீடுகளில் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய கருவியின் வரலாறு சுருக்கமானது. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூகுள் நிறுவனம் ‘குரோம்காஸ்ட்’ என்ற சிறு கருவியை 35 டாலருக்கு விற்றது. 2017 ஏப்ரலில் அமேசான் நிறுவனத்தின் ‘ஃபயர் டிவி ஸ்டிக்’ நம் நாட்டில் 3,999 ரூபாய்க்கு வந்தது. ஷாவ்மி முதலிய வேறு நிறுவனங்களின் கருவிகளும் பின்னர் வந்தன.

3. மழையும் கிணறும்

டிஷ் வழியாக வரும் தொலைக்காட்சிக்கும் ஸ்டிக் வழியாக வருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். டிஷ் என்பது மழை போன்றது. மழை எல்லார் வயலிலும் ஒருங்கே பெய்கிறது. ஒருவர் வயல் நனைந்தமையால் மற்றவருக்குக் குறைவு நேர்வதில்லை. எத்தனை குடம் என்று எவரும் எண்ணுவதில்லை. கேபிளும் ஏறக்குறைய அத்தகையதே. அனைவர்க்கும் ஒரே காட்சி ஒரே நேரத்தில் வருகிறது.

ஸ்டிக் என்பது கிணற்றில் நீர் இறைப்பது போன்றது. நாம் கேட்கும் காட்சி, நாம் கேட்கும் நேரத்தில், நமக்கெனத் தனியே இண்டர்நெட் வழியாக இறைத்துக் கொடுக்கப்படுகிறது. வேண்டியதை வேண்டியபொழுது பார்க்கலாம் என்பது இதன் பெருநன்மை. ஆனால் ஒவ்வொரு குடமும் எண்ணப்படும். ஸ்டிக் என்பது வாளி மட்டுமே, கிணறு அன்று. கிணறு இல்லாத வீட்டிற்கு வாளி எதற்கு? நாம் மேலே கண்ட குடும்பத்தார் வாளியை வாங்கிவிட்டுக் கிணற்றைத் தேடியவர்கள் ஆவர்.

4. முதற் கேள்வி: வீட்டில் நிலையான இண்டர்நெட் உண்டா?

இறைக்கும் குடங்களைக் கணக்கிடுவோம். சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்க்கச் சுமார் 1 ஜிபி வரை டேட்டா செலவாகும். ‘எச்.டி.’ எனப்படும் உயர் தெளிவில் 3 ஜிபி வரையிலும், ‘4கே’ தெளிவில் 7 ஜிபி வரையிலும் செலவாகும். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் தொலைக்காட்சி ஓடுகிறது என்று கொள்வோம். மாதம் 120 மணி. சாதாரணத் தெளிவில் 120 ஜிபி. உயர் தெளிவில் 360 ஜிபி.

கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் செய்திருந்தால் மாதத்திற்குக் கிடைப்பது 45 ஜிபி. உயர் தெளிவில் நாளுக்கு அரை மணி நேரமே பார்க்கலாம். சாதாரணத் தெளிவிலும் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் இல்லை. அதன்பின் பிள்ளைகளின் பாடத்திற்கும் தொழிற் பேச்சிற்கும் டேட்டா மிஞ்சாது. எனவே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஸ்டிக் வாங்குதல் தகாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

வேண்டியது ‘ஃபைபர்’ எனப்படும் கண்ணாடி இழை இணைப்பு. வீடுகளுக்கான திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம் கிடைப்பதால் மேற்கூறிய 360 ஜிபி அதில் ஒரு சிறு பங்கே. ஆனால் நம் தெருவிற்கு ஃபைபர் வந்துள்ளதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் அரசுத் திட்டம் உண்டு. எனினும், ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தமையாலேயே குப்பத்தின் கடைசி வீட்டிற்கும் அது வந்துவிட்டதாகாது. இணைப்புத் தருபவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இழை எங்கள் வீடு வரை வருமா? புயலுக்குப் பின் அறுந்தால் எத்தனை நாளில் சரி செய்வீர்கள்? கருவிக்கும் கம்பி இழுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டா? இரண்டாம் கேள்விக்கு விடை நிறுவனத்தின் வாய்மொழியில் இல்லை. ஏற்கெனவே இணைப்புப் பெற்ற அண்டை வீட்டாரிடம் கேட்பதே சரி.

இன்னொன்றையும் கேட்டறிதல் நலம். சில நிறுவனங்கள் ஃபைபர் இணைப்புடன் செட்டாப் பாக்ஸையும் சேர்த்தே தருகின்றன. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு அவ்விணைப்பின் வழியே நேரடித் தொலைக்காட்சி வழங்கும் சேவையைத் தொடங்கியபொழுது, முதலில் தொடங்கிய இடங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இணைப்புடன் வரும் வசதியே போதுமாயின் தனியே ஸ்டிக் வாங்குவது வீண் செலவு.

5. இரண்டாம் கேள்வி: நம் தொலைக்காட்சிப் பெட்டி எத்தகையது?

ஸ்டிக்கைச் செருக ‘எச்.டி.எம்.ஐ.’ என்னும் துளை பெட்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ இருத்தல் வேண்டும். தட்டையான பெட்டிகளில் இஃது உண்டு. அரசு வழங்கிய 14 அங்குலப் பெட்டி போன்ற பழைய குழாய்ப் பெட்டிகளில் இல்லை. அவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகளே இருக்கும். மாற்றுப் பெட்டி ஒன்றால் இணைக்கலாமெனினும் அதன் பயன் குறைவென்பதை முன்னரே கண்டோம். அத்தகைய பெட்டி உள்ளவர்களுக்குக் கேபிளோ டிஷ்ஷோதான் ஏற்றது.

பழைய பெட்டியை மாற்றும் காலம் நெருங்கியிருப்பின் ஸ்டிக் வாங்காமல் காத்திருத்தல் சிக்கனம். இன்று விற்கப்படும் ‘ஸ்மார்ட்’ பெட்டிகளில் ஸ்டிக் செய்யும் வேலையைச் செய்யும் ஏற்பாடு உள்ளேயே அமைந்துள்ளது. ஸ்டிக் மிகுதியும் பயன்படுவது இரு சாராருக்கு: எச்.டி.எம்.ஐ. துளையுள்ள நல்ல பெட்டி வைத்திருந்தும் அதில் ஸ்மார்ட் வசதி இல்லாதவர்கள் ஒரு சாரார். ஸ்மார்ட் பெட்டி வாங்கிச் சில ஆண்டுகளாகி, அதன் வேகம் குன்றியவர்கள் மற்றொரு சாரார்.

6. மூன்றாம் கேள்வி: எந்தக் கருவி நன்று?

முதல் இரு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற விடை பெற்றவர்களே இப்பகுதியைப் படித்துப் பயனடைவர். கடையில் பார்க்க வேண்டியவை ஐந்து.

(அ) நினைவகம். ‘ரேம்’ எனப்படும் வேலை நினைவகம் 1 ஜிபி உள்ளவை மலிவு. ஆனால் நாளாக நாளாகத் தயங்கித் தயங்கி ஓடும். 2 ஜிபி உள்ளது சற்று அதிக விலையாயினும் நீண்டநாள் உழைக்கும்.

(ஆ) தெளிவு. பெட்டி எச்.டி. வகையாயின் 4கே கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் படத்தின் தெளிவு கூடாது. 43 அங்குலத்திற்குக் குறைந்த திரையில் அவ்வேறுபாடு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை.

(இ) வைஃபை. 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டையும் ஏற்கும் கருவியே வேண்டும். முன்னது சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும். பின்னது வேகமானது, ஆயின் அருகிலேயே பயன்படும்.

(ஈ) உரிமம். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ முதலிய நிறுவனங்கள் தம் படங்களைத் திருட்டினின்று காக்கப் பூட்டு முறை ஒன்றைக் கையாளுகின்றன. அதற்குரிய சான்று பெறாத கருவிகளில் அச்சேவைகள் ஓடா. ஓடினும் மங்கலாகவே ஓடும். நாம் பார்க்க விரும்பும் சேவையின் பெயரைச் சொல்லி, கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுதல் வேண்டும்.

(உ) நிறுவனத்தின் ஆதரவு. இக்கருவி அரிவாள் போன்றதன்று. வாங்கிய பின்னும் அதன் நிறுவனத்தையே சார்ந்து நிற்பது. 2025 மார்ச்சில், கூகுளின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது நின்றன. கருவிக்குள் பதித்திருந்த ஒரு சான்றின் காலம் முடிந்தமையே காரணம். நிறுவனம் சில நாட்களில் அதனைச் சரி செய்தது. நம் கையில் உள்ள பொருளாயினும் அதன் ஆயுள் பிறர் கையிலும் உள்ளது என்பதற்கு இது சான்று. ஆதலின் பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வகையை, விலை குறைவென்று இன்று வாங்கலாகாது.

7. மலிவுப் பெட்டியின் கேடு

‘ஒரு முறை பணம் கட்டுங்கள், வாழ்நாள் முழுதும் எல்லாச் சேனலும் எல்லாப் படமும் இலவசம்’ என்று கூறிப் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை விற்போர் உளர். இவற்றைப் பற்றி அங்கத்தினர்களைக் கண்டிப்பாக எச்சரிக்கிறோம்.

முதலாவதாக, அவை தரும் காட்சிகள் பெரும்பாலும் திருட்டுக் காட்சிகள். எந்நாளிலும் நின்றுபோகலாம், நின்றால் முறையிடவும் இடமில்லை. இரண்டாவது கேடு அதனினும் பெரிது. இத்தகைய மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்பொழுதே தீய நிரல் புகுத்தப்பட்டிருந்ததை 2023-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ‘பேட்பாக்ஸ்’ என அதற்குப் பெயரிட்டனர். 2025 ஜூனில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையும் இது குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய பெட்டி வீட்டு வைஃபையில் சேர்ந்தால், அயலார் நம் இணைப்பின் வழியே நமக்குத் தெரியாமலேயே தீச்செயல் புரியலாம். அதே வைஃபையில்தான் நம் கைப்பேசியும், அதனுள் வங்கிக் கணக்கும் உள்ளன. சந்தைக்கு வரும் வழிப்போக்கனுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பார் உண்டோ?

8. மூன்றாண்டுக் கணக்கு

வாங்கும் நாளில் தரும் விலையை மட்டும் பார்ப்பது பிழை. மூன்று ஆண்டுச் செலவைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கீழுள்ள விலைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் கொண்டவை. அவரவர் தம் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுக.

கேபிள்: வரியுடன் மாதம் 220 ரூபாய் எனில் ஆண்டிற்கு 2,640 ரூபாய், மூன்றாண்டிற்கு 7,920 ரூபாய்.

ஃப்ரீ டிஷ்: தட்டும் பெட்டியும் பொருத்துக் கூலியும் சேர்த்து 2,000 ரூபாய் எனில், மாதக் கட்டணம் இல்லாமையால் மூன்றாண்டிற்கும் 2,000 ரூபாயே. ஆயின் டிடி தமிழ் உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்கள் வருமேயன்றி, மக்கள் விரும்பும் தனியார் தமிழ்ச் சேனல்களில் பெரும்பாலானவை இதில் வரமாட்டா.

ஸ்டிக்: கருவி 4,500 ரூபாய். ஃபைபர் மாதம் 500 ரூபாய். 18 சதவீத வரி சேர்த்து 590 ரூபாய். ஆண்டிற்கு 7,080 ரூபாய். ஓடிடி சேவை ஒன்றிற்கு மாதம் 150 ரூபாய் எனில் ஆண்டிற்கு 1,800 ரூபாய். ஆக, ஆண்டுச் செலவு 8,880 ரூபாய். மூன்றாண்டிற்கு 26,640 ரூபாய். கருவியின் விலையும் சேர 31,140 ரூபாய்.

கேபிளைவிட இது 23,220 ரூபாய் அதிகம்; மாதத்திற்கு 645 ரூபாய் அதிகம். கேபிள் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஸ்டிக் வாங்குவோர் இவ்வெண்ணை இருமுறை படிக்க வேண்டுகிறோம். இம்மூன்றாண்டுச் செலவில் கருவியின் பங்கு ஏழில் ஒன்றே. பெருஞ்செலவு கருவியன்று, அதன் பின் வரும் இணைப்பே.

ஆனால் கணக்கு எல்லா வீட்டிற்கும் ஒன்றன்று. பிள்ளைகளின் படிப்பிற்காகவோ தொழிலுக்காகவோ ஃபைபர் இணைப்பு முன்னரே உள்ள வீட்டில், புதிதாகச் சேரும் செலவு கருவியும் ஓடிடி சந்தாவும் மட்டுமே. 4,500 ரூபாயும் மூன்றாண்டுச் சந்தா 5,400 ரூபாயும் சேர்த்து 9,900 ரூபாய். கேபிளைவிடச் சற்றே அதிகம். கட்டணச் சேவை வேண்டாம், யூடியூபும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ சேவையில் இலவசமாகக் கிடைப்பனவும் போதும் என்போருக்குக் கருவியின் விலை மட்டுமே. அது கேபிளினும் குறைவு. ஃபைபர் வந்தபின் வீட்டிலுள்ள மூன்று கைப்பேசிகளுக்குச் சிறிய ரீசார்ஜ் போதுமாகி, ஒவ்வொன்றிலும் மாதம் 100 ரூபாய் மிச்சமாயின், மூன்றாண்டில் 10,800 ரூபாய் திரும்பி வரும். இவற்றையெல்லாம் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வருமானம் சீரற்ற நமக்கு இன்னுமொரு நுட்பம் உண்டு. பல ஓடிடி சேவைகளின் கட்டணம், நாம் நிறுத்தும் வரை, மாதந்தோறும் தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். மீன்வரத்து இல்லாத மாதத்திலும், தறி நின்ற மாதத்திலும் அது நிற்பதில்லை. தானாகக் கழியும் ஏற்பாட்டிற்கு ஒப்புதல் அளிக்காமல், வேண்டிய மாதத்தில் மட்டும் கட்டும் முறையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

9. உப்புக்காற்று, மின்சாரம், புயல்

கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும். டிஷ்ஷின் தாங்கிக்கும் ஆணிக்கும் துத்தநாகப் பூச்சு வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்வையிடல் வேண்டும். ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தரும் ‘ஜிசாட்-15’ துணைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. பழவேற்காட்டிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில் வெகு உயரத்தில் இருக்கும். அதாவது தட்டு கடற்பக்கம் முகம் காட்டி நிற்கும். காற்றைத் தாங்கும்படி அதனை உறுதியாகப் பொருத்தாவிடில் சிறு புயலிலும் திசை மாறிவிடும். ஏரியின் வடக்கே ராக்கெட் எழுவதைக் காணும் மக்கள், தங்கள் வீட்டுப் படத்தைத் தரும் துணைக்கோளும் அங்கிருந்தே சென்றதென எண்ணுவதுண்டு. ஜிசாட்-15, 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டதாகும்.

ஸ்டிக்கிற்கு உரிய மின்சாரத்தை அதனுடன் வரும் அடாப்டரிலிருந்தே தருதல் வேண்டும். பெட்டியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் மின்னோட்டம் போதாமல் கருவி அடிக்கடி தானே அணைந்து எரியலாம். பலர் இதனைக் கருவியின் பழுதென எண்ணி ஏமாறுகின்றனர். செருகும் முனைகளை மாதம் ஒரு முறை கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகுதல் உப்பரிப்பைத் தடுக்கும்.

இனி மிக முக்கியமான ஒன்றைக் கூறுகிறோம். தொலைக்காட்சி கேளிக்கைக்கு மட்டும் உரியதன்று. கடலோரத்தார்க்கு அது எச்சரிக்கைக் கருவியும் ஆகும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபொழுதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையிலும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. கம்பம் சாய்ந்தால் ஃபைபர் அறும். அறுந்தால் ஸ்டிக் பயனற்றது. கனமழையில் டிஷ்ஷின் சமிக்ஞையும் மறையும். ஆதலின் எந்தக் கருவியை வாங்கினும், பாட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ ஒன்று ஒவ்வொரு கடலோர வீட்டிலும் இருத்தல் வேண்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள அதுவே புயல் இரவில் உயிர்காக்கும் துணை.

10. சங்கம் செய்யக்கூடியவை

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. இறால் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே உரியதாகாமல் எல்லார்க்கும் முறை வருகிறது. ஒன்றுகூடி நின்றால் தனியே பெற முடியாததைப் பெறலாம் என்னும் கூட்டுறவுக் கொள்கை, சட்டங்கள் வருமுன்னரே அந்நீரில் நிலவியது. அதே கொள்கையை இங்கும் கையாளலாம்.

முதலாவது, ஒரு தெருவில் இருபது வீட்டார் சேர்ந்து ஃபைபர் கேட்டால் இணைப்பு நிறுவனம் இழையைக் கடைசி வீடு வரை கொண்டுவர முன்வரும். தனியொருவர் கேட்டால் வாராது. இரண்டாவது, சங்க அலுவலகத்தில் ஒரு கருவியை வாங்கி வைத்து, அங்கத்தினர்கள் இயக்கிப் பார்த்த பின் வாங்க ஏற்பாடு செய்யலாம். மூன்றாவது, பலர் சேர்ந்து வாங்குகையில் விலையிலும் உத்தரவாதத்திலும் சலுகை கேட்கலாம். நான்காவது, வாங்கியவர்களின் அநுபவத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பின்வருவோர்க்கு அது விளம்பரத்தைவிட நல்ல வழிகாட்டி.

ஒன்று மட்டும் செய்யலாகாது. ஓடிடி சந்தா ஒரு குடும்பத்தின் சொந்தப் பயனுக்கே என்பது அந்நிறுவனங்களின் நிபந்தனை. வேறு வீட்டாருடன் கணக்கைப் பகிர்வதை நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தத் தொடங்கியது. எனவே ஒரு சந்தாவைத் தெரு முழுதும் பகிரலாம் என்று எண்ணி வாங்கலாகாது. தொழிலுக்கென வாங்கிய சங்கக் கடனை இதில் செலவிடலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

11. முடிவுரை

தொலைக்காட்சி பார்ப்பது வீண் என்று நாம் கூறவில்லை. பகலெல்லாம் தறியிலோ வயலிலோ கரையிலோ உழைத்தவர்க்கு மாலையில் ஒரு மணி நேர இன்பம் உரிமையே. அவ்வின்பத்திற்குத் தரும் விலையை அறிந்து தருதல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஃபைபரும் தக்க பெட்டியும் உள்ள வீட்டிற்கு ஸ்டிக் நல்ல பொருள். இரண்டும் இல்லாத வீட்டிற்குக் கேபிளோ ஃப்ரீ டிஷ்ஷோ போதும், அதனால் குறைவொன்றுமில்லை. நாம் கண்ட குடும்பத்தார் இப்பொழுது தம் தெருவில் ஃபைபருக்காகக் கையெழுத்துத் திரட்டி வருகின்றனர். இழை வந்தபின், பெட்டிக்குள் கிடக்கும் அந்த ஸ்டிக்கை மீண்டும் எடுப்பதாகக் கூறினர். அதற்குமுன் புதிய வலை வாங்கியாயிற்று என்பதையும் மகிழ்ச்சியுடன் கூறினர்.

படிப்புக் குழுவிற்கான வினாக்கள்

1. உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தொலைக்காட்சி ஓடுகிறது? அதனை உயர் தெளிவில் இண்டர்நெட் வழியே பார்த்தால் மாதம் எத்தனை ஜிபி ஆகும்?

2. உங்கள் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. துளை உண்டா? இன்றே பார்த்து எழுதி வருக.

3. கேபிள், ஃப்ரீ டிஷ், ஸ்டிக் ஆகிய மூன்றிற்கும் உங்கள் ஊர் விலைப்படி மூன்றாண்டுக் கணக்கு எழுதுக.

4. உங்கள் தெருவில் ஃபைபர் கேட்கும் வீடுகள் எத்தனை? அனைவரும் சேர்ந்து விண்ணப்பிப்பதற்கு எவர் பொறுப்பேற்பர்?

5. ‘வாழ்நாள் முழுதும் இலவசம்’ என்று விற்கும் பெட்டியை வாங்கலாகாது என்பதற்கு இரு காரணங்கள் கூறுக.

6. மின்சாரமும் இண்டர்நெட்டும் இல்லாத புயல் இரவில் உங்கள் வீட்டிற்கு எச்சரிக்கை எவ்வழியாக வந்து சேரும்?